காற்றை முந்திய கணக்கு

மாரிகுப்பத்து முதல் ரயிலைப் பிடித்துப் பதினான்கு வருஷம் பெங்களூருக்குப் போய் வந்தவர் பாக்கியவதி. அந்தப் பதினான்கு வருஷமும் அங்கே அவர் என்ன வேலை பார்த்தார் என்று தங்கவயலில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "ஏதோ கம்ப்யூட்டர் வேலை" என்பார்கள். அதற்கு மேல் அவர்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

சொல்லியிருந்தாலும் புரியவைப்பது சிரமம்தான். செல்போனில் சினிமா பார்க்கிறோம். படம் திக்காமல் ஓட வேண்டும், பேட்டரியும் சீக்கிரம் தீரக் கூடாது. அதற்கென்றே ப்ராசஸருக்குள் சில சிறப்புக் கட்டளைகளை வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக நிரல் எழுதுகிறவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து நிரல் எழுதுகிற ஆறு பேர் குழு ஒன்றில் இருந்தார் பாக்கியவதி. பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு அங்கே பிழை பார்க்கிற ஆளாகத்தான் சேர்ந்தார். தினமும் அவர் கொண்டுவந்து நிறுத்துகிற பிழைகளைப் பார்த்து அலுத்துப்போன குழுத் தலைவர் ஒருநாள், "நீங்களே திருத்திடுங்களேன்" என்று எரிச்சலோடு சொன்னார். அவர் பேச்சுக்குச் சொன்னதை இவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்குள் கடினமான பகுதிகள் எல்லாம் இவர் மேசையைத் தேடி வர ஆரம்பித்தன.

அப்புறம் கம்பெனி வேறு ஊருக்கு மாறியது. கூட வர முடியாது என்று சொல்லிவிட்டு, நாற்பத்தொன்றாம் வயதில் தங்கவயலிலேயே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். கணவர் சைலஸ் பங்காருப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். வீட்டில் மீன் குழம்பு வைப்பது அவர்தான். தனக்கு அது கைவராது என்று பாக்கியவதி யாரிடமும் கூசாமல் சொல்வார். கல்லூரியில் அவருக்கு வேலை, முப்பத்தாறு கம்ப்யூட்டர்களை ஓட வைத்திருப்பது, மாணவர் வருகையைக் குறிப்பது, விசை பெயர்ந்த கீபோர்டுகளை மாற்றுவது. மனசில் குறை இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அதை வேலையில் காட்டுகிற ஆள் இல்லை அவர். அவர் லேபில் ஒரு மெஷின்கூட ஒரு நாளைக்கு மேல் செத்துக் கிடந்ததில்லை.

அந்த மெஷின்களுக்குப் பெரிய சத்துரு தூசிதான். பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிய சைனைடு மேடுகள் ஊருக்குள்ளேயே குன்று குன்றாக நிற்கின்றன. ஆனி பிறந்து காற்று எழும்பினால் அவற்றின் மேலிருந்து மைதா மாவு மாதிரி வெளுத்த மண் கிளம்பும். காயப்போட்ட துணியிலும் மூடாத குடத்திலும் படியும். இளைப்பு உள்ளவர்கள் அந்த இரண்டு மாதமும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடப்பார்கள். அத்தனை நேரமும் எல்லாப் பக்கமும் தூசி அடிப்பதில்லை. சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற லைன்களில், இன்றைக்கு இந்த லைனில், நாளைக்கு அந்த லைனில், காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று அது தன் இஷ்டத்துக்கு வரும். எங்கே, எப்போது என்று முன்னாலேயே தெரிந்தால் பாதித் தொந்தரவு போய்விடும்.

அதைத்தான் கண்டுபிடிக்கப் பார்த்தார் மனோகர். அதே கல்லூரியில் பௌதிக விரிவுரையாளர். நாலு மொட்டைமாடிகளில் காற்றளக்கும் கருவி வைத்திருந்தார். வெளிமாநில ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்த ஒரு நிரலை இறக்கிக்கொண்டார். அது ஊரை இருபத்தைந்து மீட்டர் கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எவ்வளவு தூசி வருகிறது, எவ்வளவு போகிறது, எவ்வளவு கீழே படிகிறது என்று சில விநாடிகளுக்கு ஒரு தரம் கணக்குப் போடும். கணக்கெல்லாம் சரிதான். ஒரே ஒரு கோளாறு. ஒரு நாளைக்கான கணக்கை முடிக்க அதற்கு முப்பத்தொரு மணி நேரம் ஆயிற்று. நாளைக்கு அடிக்கும் தூசியை, அது அடித்து ஓய்ந்த பிறகுதான் சொல்லும்.

"மனோகர் சார், நேத்து காத்து அடிக்குமான்னு கேட்டு சொல்லுங்க" என்று ஆசிரியர் அறையில் கிண்டல் செய்வார்கள். பெரிய மெஷின் ஒன்று கேட்டு நிர்வாகத்துக்கு எழுதினார். பார்க்கலாம் என்று பதில் வந்தது. பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

பாக்கியவதியின் லேபில் கடைசி மெஷினில்தான் அந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கும், மேலே ‘அணைக்க வேண்டாம்’ என்று சீட்டு ஒட்டி. ஒரு மாசி மாதத்து மத்தியானம் மின்சார வேலைக்காக எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மனோகர் ஓடிவந்தார்.

"மேடம், அதை மட்டும் விட்டுடுங்க. இருபத்தஞ்சு மணி நேரமா ஓடிக்கினு இருக்குது. இன்னும் ஆறு மணி நேரந்தான்."

"அப்படி இன்னா சார் கணக்கு போடுது அது?"

மனோகர் சொன்னார். பாக்கியவதி நின்றபடியே முழுக்கக் கேட்டார். அதற்குள் மின்சாரம் போய்விட்டது, இருபத்தைந்து மணி நேரமும் வீண்.

"நான் கொஞ்சம் பாக்கலாமா சார்?" என்றார்.

மெஷினைப் பார்க்கப்போகிறார் என்று நினைத்துத் தலையாட்டினார் மனோகர். அவர் கேட்டது நிரலை.

மூன்றாம் நாள் பழைய ரெக்கார்டு தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய குறிப்போடு ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"சார், உங்க புரோகிராம்ல நாப்பதாயிரம் வரி இருக்குது. ஆனா நூறு நிமிஷம் ஓடுச்சுன்னா எண்பத்தாறு நிமிஷம் இந்த அறுபது வரியிலதான் சுத்திக்கினு இருக்குது. மிச்சத்தைத் தொட வேணாம்."

"அறுபது வரியை இன்னா பண்ணப் போறீங்க?"

"இந்த ப்ராசஸர்ல ஒரே கட்டளையில நாலு நம்பரைக் கூட்டலாம், பெருக்கலாம். உங்க புரோகிராம் ஒண்ணு ஒண்ணா கூட்டுது. கேஜ்ல நாலு பேர் போக இடம் இருக்குது, நீங்க ஒத்த ஆளை ஏத்தினு ஷாஃப்ட்ல மேலயும் கீழயும் போயிக்கினு இருக்கீங்க."

சுரங்கத்தில் ஆட்களை இறக்குகிற கூண்டைப் பார்த்து வளர்ந்த தங்கவயல்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மனோகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்குப் புது மெஷின் வேணுமா மேடம்?"

"வேணாம் சார். வாங்கின நாள்லேர்ந்து இதுக்குள்ளயே சும்னே கிடக்குது."

"புரோகிராமை மெஷின் பாஷைக்கு மாத்தறப்ப கம்பைலரே தானா பண்ணிடும்னு சொல்வாங்களே?"

"திரும்பத் திரும்ப சுத்தற லூப் சுலபமா இருந்தா பண்ணிடும். இதுல நடுவுல ஆயிரத்தெட்டு ‘இப்படி இருந்தா அப்படி’ போட்டு வெச்சிருக்காங்க. நம்பருங்களும் கலந்துகட்டி கிடக்குது. அதுக்குப் புரியல. கையாலதான் எழுதணும்."

மத்தியானச் சாப்பாட்டு நேரம், சனிக்கிழமைகள், லேப் காலியாக இருக்கும் பீரியடுகள். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த நேரம். யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்தால் பதவி உயரும் என்பதும் இல்லை. ஆனால் வருஷக்கணக்காகக் கையை விட்டுப் போயிருந்த வேலை திரும்பக் கைக்கு வந்ததில் அவருக்கு உண்டான சந்தோஷம் சைலஸுக்குத் தெரிந்தது. "பாக்கியம், நீ சாப்புடறப்பகூட விரலால கணக்கு போட்டுக்கினு இருக்கே" என்றார்.

முதலில் எண்களை ஒழுங்கு செய்தார். பழைய நிரலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, ஈரம், தூசி என்று ஏழு எண்கள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. நாலு கட்டத்துத் தூசியை ஒரே வீச்சில் எடுக்க வேண்டுமென்றால் தூசி எண்கள் எல்லாம் அடுத்தடுத்து இருக்க வேண்டும். மூட்டைகளைப் பிரித்து, தூசியைத் தூசியோடும் காற்றைக் காற்றோடும் அடுக்கினார். கணக்கில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அதற்கே முப்பத்தொரு மணி நேரம் இருபது மணி நேரமாகக் குறைந்தது.

அடுத்தது அந்த ‘இருந்தால்’கள். கட்டம் மேட்டுக்குள் இருந்தால் ஒரு கணக்கு, வெளியே இருந்தால் வேறு கணக்கு. நாலு கட்டங்களை ஒன்றாக எடுக்கும்போது அதில் இரண்டு உள்ளேயும் இரண்டு வெளியேயும் இருந்தால் என்ன செய்வது? இரண்டு கணக்கையும் நாலுக்கும் போட்டுவிட்டு, வேண்டாததை மறைத்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிற கட்டளை உண்டு. வீண் வேலை மாதிரித் தெரியும். ஆனால் நின்று யோசிப்பதைவிட இரண்டையும் செய்துவிடுவது ப்ராசஸருக்கு லேசு. அதை எழுதி ஓட்டியதும் தூசி பூஜ்யத்துக்குக் கீழே போனது. மைனஸ் தூசி! மறைக்க வேண்டியதை எடுத்து, எடுக்க வேண்டியதை மறைத்திருந்தார். அதைக் கண்டுபிடிக்க மூன்று நாளாயிற்று. கண்டுபிடித்த அன்று ஓட்டம் ஏழு மணி நேரத்துக்கு வந்தது. பிறகு ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யக்கூடிய நாலு கோர்களுக்கும் கணக்கைப் பங்கிட்டார். இரண்டு மணி இருபது நிமிஷம்.

மனோகர் நம்பவில்லை. சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கயாவது பாதியில நின்னுட்டிருக்கும் மேடம்" என்றார். பாக்கியவதி பழைய விடைகளையும் புதிய விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பன்னிரண்டாவது தசம இடத்தில் சில எண்கள் வேறாக இருந்தன.

"இது ஏன் மாறுது?"

"கூட்டற வரிசை மாறுது சார். அதனால கடைசி இலக்கத்தை முழுசாக்கறப்ப கொஞ்சம் வேற மாதிரி வரும். உங்க காத்துக் கருவியே நூத்துல அஞ்சு பங்கு முன்னபின்ன காட்டுது. நீங்க பன்னெண்டாவது இடத்தைப் பார்த்துப் பயப்படறீங்க."

மற்ற மெஷின்களிலும் நிரலை ஏற்றி வைக்கலாம் என்று முடிவாயிற்று. லேப் அட்டெண்டர் விநாயக் பதினோராம் நம்பர் மெஷினில் அதைத் தட்டியதும் ‘சட்டவிரோதமான கட்டளை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிரல் செத்துவிட்டது. ஐம்பத்தைந்து வயது மனுஷர், பதறிப்போனார்.

"மேடம், இன்னாவோ இல்லீகல்னு வருது. நான் ஒண்ணும் பண்ணல மேடம். போலீசு கீலீசு வருமா?"

பாக்கியவதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒண்ணும் இல்லண்ணா. இது பழைய மெஷின். நான் சொல்ற கட்டளை இதுக்குத் தெரியாது. தெரியாத பாஷையில பேசினா கோவம் வருது அதுக்கு."

சிரித்தாலும் அதை விட்டுவிடவில்லை. நிரல் ஆரம்பிக்கும்போதே ப்ராசஸரிடம் உனக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டு, தெரிந்தால் புதிய வழியிலும், தெரியாவிட்டால் பழைய மெதுவான வழியிலும் போகிற மாதிரி மாற்றினார். அந்த ஒரு காரியத்துக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஆனி முதல் தேதியிலிருந்து அறிவிப்பு போக ஆரம்பித்தது. மத்தியானம் இரண்டரைக்கு வானிலைத் துறையிலிருந்து மறுநாள் காற்றின் கணிப்பு கைக்கு வரும். ஐந்தேகாலுக்குள் வரைபடம் தயார். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்துங்கள். பள்ளிக்கூடங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும், சர்ச் குழுக்களுக்கும், கோவில் கமிட்டிக்கும் மனோகர் அனுப்பினார். முதல் வாரம் யாரும் சட்டை செய்யவில்லை. இரண்டாவது வாரம் சொன்ன நேரத்துக்குச் சொன்ன தெருவில் தூசி அடித்தது. மூன்றாவது வாரம், ஐந்தரை வரைக்கும் படம் வராவிட்டால் போன் வர ஆரம்பித்தது.

பம்ப் ஹவுஸ் லைனில் அங்கன்வாடி நடத்துகிற ராதிகாவும் அப்படித்தான் கூப்பிட்டார். ஆனால் அவருக்கு வேறு குறை.

"சார், உங்க படத்துல எங்க லைன் பாதி கீது, பாதி காணோம். அங்கன்வாடி இன்னா பாவம் பண்ணுச்சு?"

பார்த்தால் அவர் சொன்னது சரி. படத்தின் கிழக்கு ஓரம் அந்த லைனின் நடுவில் போய் முடிந்தது. மனோகர் மேற்கிலிருந்து கிழக்கே போகிற கட்டங்களின் எண்ணிக்கையை நானூறிலிருந்து நானூற்று மூன்றாக்கினார். ஒரே ஒரு எண்ணை மாற்றுகிற வேலை என்பதால் பாக்கியவதியிடம் சொல்லத் தோன்றவில்லை. மறுநாள் படத்தில் அங்கன்வாடி வந்துவிட்டது. ராதிகாவுக்குச் சந்தோஷம்.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை. அங்கன்வாடி இருந்த இடம் படத்தில் பச்சையாக இருந்தது. ராதிகா பதினெட்டுக் குழந்தைகளையும் முற்றத்தில் உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்குப் பக்கத்து மேட்டிலிருந்து தூசி எழும்பி நேராக வந்து அடித்தது. குழந்தைகளை உள்ளே இழுத்துப் போடுவதற்குள் எல்லாம் வெள்ளை. இரண்டு குழந்தைகளுக்கு இருமல் நிற்கவில்லை; ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், மூக்கில் மருந்துப் புகை பிடித்து, சாயங்காலம்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ராதிகா போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று மனோகருக்குத் தோன்றியது. "பச்சைன்னு போட்டீங்க சார். நம்பிட்டேன்" என்றார், அவ்வளவுதான்.

மனோகர் லேபுக்கு வந்து உட்கார்ந்தார். "காத்து மேடம் அது. எந்தக் கணக்கும் நூத்துக்கு நூறு சரியா வராது. அப்படித்தான் சொல்லணும்."

பாக்கியவதி அன்றைய படத்தைத் திறந்து கிழக்கு ஓரத்தைப் பெரிதாக்கினார். சிவப்பு வந்துகொண்டே இருந்து, ஓரிடத்தில் கத்தியால் வெட்டினதுபோல் நேராக முடிந்து, அதற்கப்பால் சுத்தமான பச்சையாக இருந்தது. காற்று எந்த ஊரிலும் நேர்கோட்டில் நின்றதில்லை.

"சார், கட்டம் எத்தனை இப்போ?"

"நானூத்து மூணு. ராதிகா டீச்சர் கேட்டாங்கன்னு மூணு சேர்த்தேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. நாலு நாலாக அள்ளிக்கொண்டு போனால் நானூறு மிச்சமில்லாமல் தீரும். நானூற்று மூன்று தீராது, மூன்று மிஞ்சும். மிஞ்சுகிறவற்றைத் தனித்தனியாகக் கணக்கிடுகிற சில வரிகளை எழுத வேண்டும். தூசி மைனஸில் போன அந்த மூன்று நாள் குழப்பத்தில், இதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டுவிட்டுத் தாண்டியிருந்தார். பிறகு மறந்துபோனது. பழைய விடைகளோடு ஒப்பிட்டபோது இருந்ததும் நானூறுதான், அதனால் அகப்படவில்லை. கடைசி மூன்று வரிசைக் கட்டங்களும் யாரும் தொடாமல், ஆரம்பத்தில் வைத்த பூஜ்யத்தோடு பச்சையாகவே இருந்திருக்கின்றன.

"காத்து மேல பழி போடாதீங்க சார்" என்றார். "தப்பு என்னுது."

"நானும் சொல்லாம மாத்திட்டேன் மேடம்."

"நீங்க எந்த நம்பர் போட்டாலும் ஓடணும் சார். ஓடலன்னா ஓட மாட்டேன்னு சொல்லி நிக்கணும். அதுதான் என் வேலை."

அன்றைக்கே அந்த வரிகளை எழுதினார். அதோடு நிற்கவில்லை. ஒரு கட்டம், இரண்டு கட்டம், மூன்று கட்டம் என்று அறுபத்துநாலு வரைக்கும் எல்லா அளவுக்கும் புதிய விடையையும் பழைய விடையையும் தானாக ஒப்பிடுகிற சோதனை ஒன்றை எழுதினார். தினமும் அறிவிப்புக்கு முன்னால் அது ஓடும்; ஒன்று தவறினாலும் படம் வெளியே போகாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பம்ப் ஹவுஸ் லைனுக்குப் போக வேண்டும் என்றார். போன் செய்தால் போதாதா என்று சைலஸ் கேட்கவில்லை. "வா, நானும் வர்றேன்" என்றார்.

ராதிகா வீட்டில் இருந்தார். இரண்டு குழந்தைகளின் அம்மாக்களையும் கூப்பிட்டனுப்பச் சொன்னார் பாக்கியவதி. அவர்கள் வந்து சுவரோரமாக நின்றார்கள். பாக்கியவதி உட்காரவில்லை.

"புரோகிராமை வேகமா ஓட வெச்சது நான்தாங்க. ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டேன், கடைசியில இருந்த மூணு வரிசையை விட்டுட்டேன். அதுலதான் உங்க அங்கன்வாடி இருந்துச்சு. கணக்கே போடாம பச்சைன்னு காட்டிடுச்சு. காத்து ஏமாத்தல, மனோகர் சாரும் ஏமாத்தல. நான் மறந்துட்டேன். திருத்திட்டேன். உங்க கிட்ட சொல்லாம இருக்க முடியல."

ஒரு அம்மா, "எங்கொழந்தை ரெண்டு நாளா சரியாத் துன்னல" என்றாள். பாக்கியவதி தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

ராதிகா கடைசியில் கேட்டார்: "இன்மேலு நம்பலாமா மேடம், வாணாமா? அதைச் சொல்லுங்க."

"நம்புங்க. ஆனா சும்மா நம்பாதீங்க. நீங்களும் சரிபாருங்க. ஒரு பீங்கான் தட்டைக் கழுவித் தொடச்சி அங்கன்வாடி சுவத்து மேல வெச்சிடுங்க. சாயங்காலம் விரலால தொட்டுப் பாருங்க. தூசி இல்ல, கொஞ்சம், நெறைய. மூணுல எதுன்னு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. நான் சொன்னதும் நீங்க பார்த்ததும் ஒத்துவரலன்னா மறுநாளே வர்றேன்."

ராதிகா அதை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை மணிக்கு வைப்பது, மழை பெய்தால் என்ன செய்வது, லீவு நாளில் யார் பார்ப்பது என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். கேட்கக் கேட்கப் பாக்கியவதியின் முகம் தெளிந்தது. கிளம்பும்போது ராதிகா டீ போட்டுவிட்டிருந்தார். குடித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

அந்தக் காற்றுக்காலம் முடிவதற்குள் ஊரில் பதினேழு இடங்களில் தட்டு வைத்துப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் கணக்கு தொடர்ந்து குறைவாகச் சொல்கிறது என்று அதில்தான் தெரிந்தது. மனோகர் போய்ப் பார்த்தபோது அந்த மேட்டின் ஒரு பக்கம் மழையில் சரிந்து புதுமண் வெளியே தெரிந்தது. அதையும் கணக்கில் சேர்த்தார்கள்.

நிரலை முதலில் எழுதிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பாக்கியவதி தன் திருத்தங்களை அனுப்பி வைத்தார். அனுப்பும்போது அங்கன்வாடி சங்கதியையும் ஒளிக்காமல் எழுதினார். அங்கிருந்து கேள்விகள் வந்தன. மழையில் தூசி அடங்குவதைப் பார்க்கிற மழைக் கணக்கில் தொடக்கூடாத ஒன்றைத் தொட்டுவிட்டதாக ஒரு விஞ்ஞானி அடித்துச் சொன்னார். இல்லை என்று இவர் எண்களை வைத்துக் காட்டினார். ஐந்து வாரம் இழுபறி. கடைசியில் அவரே, "நீங்கள் சொல்வதுதான் சரி. எங்கள் பழைய கணக்கிலேயே ஒரு சின்னத் தவறு இருந்திருக்கிறது" என்று எழுதினார். இப்போது அந்த நிரலை எங்கே யார் இறக்கினாலும் பாக்கியவதியின் அறுபது வரிதான் உள்ளே ஓடுகிறது. சேர்த்தும் திருத்தியும் அது இப்போது முந்நூறு வரி. ஒரு துறைமுகத்தில் நிலக்கரித் தூசியைக் கணக்கிடுகிறவர்கள் நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள். அதை மனோகர் அச்செடுத்து ஆசிரியர் அறைப் பலகையில் குத்தி வைத்தார். கிண்டல் செய்தவர்கள் எல்லாரும் நின்று படித்தார்கள். பாக்கியவதி அந்தப் பக்கம் போகும்போது வேகமாகப் போனார்.

அந்த நிறுவனத்தில் அவரை ஆலோசகராக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள், வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் என்று ஒத்துக்கொண்டார். லேபை விடவில்லை. மழைக் கணக்கின் லூப் இன்னும் ஒவ்வொரு எண்ணாக, ஒண்டியாகத்தான் ஓடுகிறது, அதைப் பார்க்க வேண்டும் என்று சைலஸிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த வருஷம் ஆடியில் ஒருநாள் நாலே முக்காலுக்கு ஒரு பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் போன் செய்தார். மறுநாள் விளையாட்டுப் போட்டி. அறுநூறு பிள்ளைகள் மைதானத்தில் நிற்பார்கள்.

"மேடம், காலைல வெச்சிக்கலாமா, இல்ல சாயங்காலமா? நீங்க சும்மா ஒரு ஐடியா சொல்லுங்க போதும்."

லேப் ஜன்னலுக்கு வெளியே வானம் சலனமில்லாமல் இருந்தது. திரையில் கணக்கு ஓடி முடிகிற நிலையில் இருந்தது. அதைப் பார்த்தாலே பாக்கியவதிக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

"ஐடியா எல்லாம் வேணாம் மாஸ்டர். இன்னும் அரை மணி நேரம் பொறுங்க" என்றார்.

ஐந்தேகாலுக்குப் படம் வந்தது. சோதனைகள் அத்தனையும் சரி என்று ஒரு வரி வந்தது. அந்த மைதானத்தின் மேல் பத்தரைக்கு மஞ்சள், பதினொன்றுக்குச் சிவப்பு. அவரே மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"ஏழுக்கு ஆரம்பிச்சு பத்துக்குள்ள முடிச்சிடுங்க மாஸ்டர். பரிசு கொடுக்கறதை உள்ள ஹால்ல வெச்சிக்கங்க."

மாஸ்டர் சரி என்றார். பாக்கியவதி மற்ற மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, விநாயக்கிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.